சுற்றி வளைக்கும் சொற்கள்

'விவசாயிகள் கலெக்டர் அலுவலகத்தை முற்றுகையிட்டனர்.' செய்தி அறையில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. ஆங்கிலத்தில் போடச் சொன்னால் ஒருவர் 'சரவுண்ட்' என்பார். இன்னொருவர் 'சீஜ்' என்பார். வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர் 'கெராவ்' என்பார். மூன்றுக்கும் அகராதியில் சுற்றிவளைத்தல் என்ற பொருள் இருக்கிறது. ஆனால் முதல் சொல்லில் ஜனங்கள் சுற்றி நிற்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவதைப் போட்டால் கோட்டை, பீரங்கி, உள்ளே பட்டினி எல்லாம் கூடவே வந்துவிடும். மூன்றாவதில், பதில் சொல்லாமல் கலெக்டர் அறையை விட்டு வெளியே வர முடியாது. நடந்தது எது என்று நிருபருக்குத் தெரியும். எந்தச் சொல் அதைச் சொல்லும் என்பதில்தான் தடுமாற்றம்.

சூழ்வதற்கும் சுற்றுவதற்கும் ஆங்கிலம் ஊர் ஊராகப் போய்ச் சொல் வாங்கியிருக்கிறது. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, டச்சு, பழைய ஸ்காண்டிநேவிய மொழி, பாரசீகம், கடைசியில் இந்தி வரை. ஒவ்வொன்றின் பிறப்பையும் பார்த்தால், அதில் சுற்றுவது எது என்று தெரியும்: நடக்கும் காலா, போட்டு உட்கார்ந்த ஆசனமா, இடுப்புக் கச்சையா, வேலியா என்று. அது தெரிந்துவிட்டால் அந்தச் சொல்லை எங்கே வைக்கலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் முதல் சொல்லே இந்த விதிக்கு அடங்காதது.

வட்டமே இல்லாத 'சரவுண்ட்'

'சரவுண்ட்' என்பதற்குள் 'ரவுண்ட்' கேட்கிறது. அதனால் வட்டத்தில் பிறந்த சொல் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இதன் வேர் 'சூப்பருந்தாரே' என்ற லத்தீன் வினை. 'சூப்பர்' என்றால் மேலே, 'உந்தா' என்றால் அலை. கரை மீறி மேலே பாய்வது என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் வெள்ளம் என்ற பொருளோடுதான் வந்தது. ஏராளம் என்று பொருள்படும் 'அபண்டன்ட்', தேவைக்கு மேல் வழிந்துவிட்ட 'ரிடன்டன்ட்', நீரில் மூழ்கடிக்கும் 'இனன்டேட்' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ஐ.டி. கம்பெனியில் ஒருவரை 'ரிடன்டன்ட்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும்போது, அவரை வழிந்து போன தண்ணீர் என்றுதான் சொல்கிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் சூழ்ந்துகொள்ளுதல் என்ற பொருளுக்கு மாறிவிட்டது. காதில் 'ரவுண்ட்' என்று விழுந்ததே அதற்கு முக்கியக் காரணம். எழுத்துக்கூட்டலும் அதற்குத் தக்கபடி வளைந்துகொண்டது. தப்பாகக் கேட்ட காதுகள் ஒரு சொல்லுக்குப் புது வாழ்வு கொடுத்துவிட்டன. ஆகவே வேர்ச்சொல்லை நினைவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகம் ஆக்காதீர்கள்.

பயன்பாட்டுக்கு வருவோம். சூழ்ந்திருப்பதை மட்டும் சொல்ல 'சரவுண்டட் பை' போதும். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு, தீவைச் சுற்றிக் கடல், மந்திரியைச் சுற்றி அதிகாரிகள். ஒருவர் தானே வேண்டுமென்று தன்னைச் சுற்றி எதையாவது அடுக்கிக்கொண்டால் 'வித்' பொருத்தம். புத்தகங்களால், துதிபாடிகளால் தன்னைச் சூழ்ந்துகொள்பவருக்கு அது. 'சரவுண்டட் ஆன் ஆல் சைட்ஸ்' என்று எழுதுவதில் கடைசி மூன்று சொற்கள் பெரும்பாலும் சும்மா. ஆனால் மூன்று பக்கம் கடல் என்று தீபகற்பத்தைச் சொல்லும்போது பக்கக் கணக்கு வேண்டும். அப்போது அது தவறில்லை. முழுவதும் சூழாததைச் 'சரவுண்ட்' என்று சொல்லலாமா என்று வாதாடுபவரிடம், இந்தச் சொல்லில் முதலில் வட்டமே இல்லை என்று சொல்லி விடுங்கள்.

சுற்றுப்புறம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் எப்போதும் பன்மை: 'சரவுண்டிங்ஸ்'. 'பள்ளியின் சரவுண்டிங் சுத்தமாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அந்த 'எஸ்' இல்லாதது உடனே உறுத்தும். பெயரடையாக வரும்போது மட்டும் 'எஸ்' வேண்டாம். சுற்றுவட்டாரக் கிராமங்கள் என்பதற்கு 'சரவுண்டிங் வில்லேஜஸ்' சரி.

சுற்றி நடந்தவர்கள்

லத்தீனில் 'சிர்கும்' என்றால் சுற்றி. 'சர்க்கம்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகள். முன்னொட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பின்பாதியைப் பார்த்தால் போதும், பொருள் வந்துவிடும். சுற்றிப் பார்ப்பவர் 'சர்க்கம்ஸ்பெக்ட்', அதாவது அக்கம்பக்கம் பார்த்துக் காலெடுத்து வைப்பவர். சுற்றிப் பேசினால் 'சர்க்கம்லொக்யூஷன்'. டிக்கன்ஸ் 'லிட்டில் டாரிட்' நாவலில் எந்தக் கோப்பும் நகராத ஓர் அரசு அலுவலகத்துக்கு இதையே பெயராக வைத்தார். சுற்றிக் கோடு போட்டால் 'சர்க்கம்ஸ்கிரைப்'. பள்ளிக் கணக்கில் முக்கோணத்தின் முனைகளைத் தொட்டுச் செல்லும் சுற்றுவட்டம் இந்தச் சொல்லின் வீட்டுப்பிள்ளைதான். நடைமுறையில் ஒருவரின் அதிகாரத்தைக் கோடு போட்டு அடக்குவதற்கும் இதே சொல். சுற்றிக் கப்பலோட்டுவது 'சர்க்கம்நேவிகேட்'. மெகல்லன் உலகைச் சுற்றினார் என்று எழுதாதீர்கள். 1519-இல் புறப்பட்ட அவர் 1521-இல் பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் கொல்லப்பட்டார். 1522-இல் விக்டோரியா கப்பலை ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் எல்கானோ.

'சர்க்கம்வென்ட்' மட்டும் கட்சி மாறியது. ஆதியில் அது எதிரியைச் சூழ்ச்சியால் வளைத்துப் பிடிப்பது. இன்றோ வளையத்துக்குள் சிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடுவது. விதியை மீறுவது 'வயலேட்'. விதியைத் தொடாமலே அதன் பயனைக் கெடுப்பது 'சர்க்கம்வென்ட்'. டெண்டர் வரம்பைத் தாண்டாதபடி ஒரே வேலையை நான்கு துண்டாக உடைத்துக் கொடுப்பது பின்னதற்கு நல்ல உதாரணம்.

'சர்க்கம்ஸ்டன்ஸ்' என்பது நம்மைச் சுற்றி நிற்பது, சூழ்நிலை. நாம் 'சூழ்நிலை' என்று சொல்வதும் அதே கட்டுமானம். சுற்றி நிற்பதற்குக் கீழே எப்படி இருக்க முடியும், 'அண்டர் த சர்க்கம்ஸ்டன்ஸஸ்' தவறு, 'இன்' என்றே எழுத வேண்டும் என்று ஒரு கட்சி நெடுங்காலமாகச் சண்டை போடுகிறது. 1926-இல் வந்த தமது பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் இந்த ஆட்சேபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட்டார். இரண்டையும் எழுதலாம். நிலைமை அழுத்துகிறது என்ற தொனி வேண்டுமானால் 'அண்டர்' நன்றாகவே இருக்கிறது.

வட்டம் என்ற 'சிர்குஸ்' சொல்லிலிருந்துதான் 'சர்க்கஸ்' வந்தது. லண்டனின் பிக்கடில்லி சர்க்கஸில் யானையைத் தேட வேண்டாம். தெருக்கள் வந்து கூடும் வட்டமான திறந்தவெளிக்கு அங்கே அந்தப் பெயர். கூடாரத்துச் சர்க்கஸுக்கு வழிவகுத்தவர் பிலிப் ஆஸ்லி என்ற குதிரைவீரர். 1768-இல் லண்டனில் குதிரைச் சவாரி வித்தைகள் காட்டத் தொடங்கிய அவர் பிறகு தமது ஆட்டக்களத்துக்கு 42 அடி விட்டம் வகுத்தார். ஓடும் குதிரையின் மேல் ஆள் நிமிர்ந்து நிற்க அந்த வளைவு ஒத்துவந்தது. உலகெங்கும் சர்க்கஸ் களம் இன்றும் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. தேடுவதைச் சொல்லும் 'சர்ச்' என்ற சொல்லும் சுற்றி அலைவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததே. ஆராய்ச்சிக்கு 'ரிசர்ச்' என்று பெயர் வைத்தவர்கள் மாணவர் படும் பாட்டைத் தெரிந்துதான் வைத்தார்கள் போலிருக்கிறது.

சுற்றிப் போதல் என்பதற்கு லத்தீனில் இரண்டு வழி. 'சிர்கும்' சேர்த்தால் ஆங்கிலத்தில் 'சர்க்யூட்'. 'அம்பி' சேர்த்தால் 'ஆம்பிட்'. முதலாவதை நாம் மின்சாரத்தோடு நினைக்கிறோம். ஆனால் நம் ஊர்களில் அரசு விருந்தினர் மாளிகைக்கு 'சர்க்யூட் ஹவுஸ்' என்று பெயர் இருப்பதற்கு மின்சாரம் காரணமில்லை. ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிக்கும் நீதிபதிகள் இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அந்தச் சுற்றுக்குப் பெயர் சர்க்யூட். கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்தது. சுற்றில் வரும் அதிகாரி தங்கும் வீடு சர்க்யூட் ஹவுஸ் ஆயிற்று. 'ஆம்பிட்' நம் நீதிமன்ற ஆங்கிலத்தில் நன்றாக வாழ்கிறது. ஓர் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வருமா என்பதற்கு இந்தச் சொல்தான். அங்கே 'சர்க்கிள்' என்றோ 'பெரிமீட்டர்' என்றோ போட்டால் வக்கீல்கள் சிரிப்பார்கள்.

அதே 'அம்பி'யிலிருந்துதான் 'ஆம்பிஷன்' வந்தது. ரோமில் பதவிக்கு நிற்பவர் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிய அங்கியை உடுத்திக்கொண்டு, வீதியில் சுற்றிச் சுற்றிக் கையைப் பிடித்து வாக்குக் கேட்பார். வெள்ளை உடை என்பதிலிருந்து வேட்பாளர் என்ற 'கேண்டிடேட்'. சுற்றிவருதலிலிருந்து பேராசை, பிறகு லட்சியம். வாக்குக்குப் பணம் கொடுக்கும் குற்றத்துக்கு ரோமானியச் சட்டத்தில் 'ஆம்பிட்டுஸ்' என்றே பெயர். வெள்ளை வேட்டியும் வீதி வலமும் கவரும் நமக்குப் புதிதா என்ன.

அளவு சொல்லும் சொற்கள்

கிரேக்கத்தில் சுற்றி என்பது 'பெரி'. சமஸ்கிருதத்தின் 'பரி' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அரசரைச் சூழ்ந்து வரும் பரிவாரம், தலையைச் சுற்றும் பரிவட்டம், பள்ளிப் பாடநூலில் வட்டத்துக்கு வரும் பரிதி எல்லாவற்றிலும் அதே முன்னொட்டுதான்.

நம் கணக்குப் புத்தகம் போடும் பிரிவினையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். மனைக்கும் வயலுக்கும் சதுரத்துக்கும் சுற்றளவு: 'பெரிமீட்டர்'. வட்டத்துக்குப் பரிதி: 'சர்க்கம்ஃபரன்ஸ்'. மரத்துக்கும் இடுப்புக்கும் வேறு சொல் இருக்கிறது, 'கெர்த்'. குதிரையின் முதுகில் சேணத்தை நிறுத்த வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார்தான் ஆதியில் 'கெர்த்'. வனத்துறையினர் மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், ஓர் ஆளின் நெஞ்சுயரத்தில், நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். அறிக்கையில் 'கெர்த்' என்று எழுதுவார்கள். ஆலமரத்தின் அடிமரம் பற்றி எழுதும்போது 'சர்க்கம்ஃபரன்ஸ்' என்றால் தப்பில்லை, ஆனால் மரம் தெரிந்தவர் எழுதியது போல இராது.

'பெரிஃபெரி' ஒரு வேடிக்கை. கிரேக்கர்கள் சுற்றி எடுத்துச் செல்லுதல் என்ற பொருளில் 'பெரிஃபெரேயா' என்றார்கள். லத்தீன்காரர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சிர்கும்ஃபெரென்சியா' ஆக்கினார்கள். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டு வேலையைப் பங்கிட்டது. அளவுக்கு லத்தீன், ஓரத்துக்குக் கிரேக்கம். வட்டக் கணக்கில் வரும் 'பை' குறி அந்தக் கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்து. வேல்ஸ் நாட்டு வில்லியம் ஜோன்ஸ் 1706-இல் அதை அந்தப் பொருளில் அச்சிட்டார்; பிறகு ஆய்லர் கையில் அது உலகப் பொதுச் சொத்தாயிற்று. இன்று 'பெரிஃபெரி' என்றால் நகரத்தின் விளிம்பு, பிரச்சினையின் ஓரம், மையத்தில் இல்லாதவர். ஒருவரின் கருத்தைப் 'பெரிஃபெரல்' என்று சொன்னால் அது முக்கியமில்லை என்று சொல்வதாகும். கவனித்து எழுதுங்கள்.

சாலைப் பெயர்களில் இந்தக் குடும்பம் மொத்தமும் வந்து நிற்கிறது. பிரிட்டனில் 'ரிங் ரோடு'. அமெரிக்காவில் 'பெல்ட்வே', அதாவது இடுப்புவார்ச் சாலை. வாஷிங்டனைச் சுற்றும் சாலைக்கு உட்பட்டது என்றால் அந்த ஊர்ப் பத்திரிகை மொழியில் அரசியல்வாதிகளின் தனி உலகம் என்று அர்த்தம். லண்டனைச் சுற்றி 1986-இல் முழுமையான எம்25 சாலைக்கு 'ஆர்பிட்டல்' என்று பெயர். சுமார் 188 கிலோமீட்டர் நீளம். 'ஆர்பிட்' என்றால் கோள்களின் பாதை என்று நினைப்போம். லத்தீனில் அது மண்ணில் வண்டிச் சக்கரம் பதித்த தடம். ஆகவே சாலைக்குத்தான் அந்தப் பெயர் முதல் உரிமை. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை போடப்படும் சென்னைச் சாலைக்குப் 'பெரிஃபெரல் ரிங் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். 'ரிங்' போதாதென்று 'பெரிஃபெரல்' வேறு. இத்தனைக்கும் அது வளையமே இல்லை, கிழக்கே கடல். பெயர் அரசாங்கம் வைத்தது, நாம் மாற்ற முடியாது. ஆனால் நீங்களாக விவரிக்கும்போது 'சென்னையைச் சுற்றி வளையமாக' என்பதற்கு 'என்சர்க்கிள்' போடாதீர்கள். 'ஸ்கர்ட்' என்ற வினை இருக்கிறது: ஓரமாக ஒதுங்கிப் போவது. பாவாடையின் கீழ்விளிம்பு என்பதிலிருந்து வந்தது. ஊர்ப்புறத்தைச் சொல்லும் 'அவுட்ஸ்கர்ட்ஸ்' அதன் வழி வந்ததே.

உட்கார்ந்து வளைப்பது

'சீஜ்' என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் ஆசனம். பிரெஞ்சில் இன்றும் இருக்கைக்கு அந்தப் பெயர்தான். ஆர்தர் அரசனின் வட்ட மேசைக் கதையில் தகுதியற்றவர் உட்கார்ந்தால் உயிர்போகும் ஓர் இருக்கை வரும். அதன் பெயரிலும் 'சீஜ்' உண்டு. கோட்டைக்கு முன்னால் படை வந்து பாய் போட்டு உட்கார்ந்துவிடுவதுதான் முற்றுகை. தாக்குதல் அரை நாளில் முடியும். முற்றுகை மாதக் கணக்கில் நீளும். இந்த நேரக் கணக்குதான் சொல்லின் உயிர். ஒரு மணி நேரம் கோஷம் போட்டுவிட்டு மனுக் கொடுத்துக் கலைந்த கூட்டத்துக்குச் 'சீஜ்' அதிகம். நம் பத்திரிகைகளில் 'முற்றுகைப் போராட்டம்' என்ற தமிழ்த்தொடர் அரை மணி நேரத்துக்கும் செல்லும். அதை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றினால் வெளியூர் வாசகர் பயந்துபோவார். பெரும்பாலான நாட்களில் 'புரொட்டெஸ்டட் அவுட்சைட்', அதாவது அலுவலகத்தின் முன் போராட்டம் நடத்தினர், என்பதே நடந்ததைச் சொல்லும்.

உட்கார்தல் என்ற அதே லத்தீன் வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நாம் முற்றுகையோடு நினைப்பதே இல்லை: 'அப்செஷன்'. எதிரே உட்கார்ந்து வளைத்துக்கொள்வது என்பது அதன் பொருள். பழைய கிறிஸ்தவ இறையியலில் பேய் உள்ளே புகுந்துவிட்டால் 'பொசெஷன்'. வெளியே இருந்துகொண்டே விடாமல் தொந்தரவு செய்தால் 'அப்செஷன்'. ஒரே நினைப்பு மனத்தை வளைத்துக்கொண்டு நகராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. செல்போனில் லேசான ஆர்வம் உள்ள பையனுக்கு இதைப் போடாதீர்கள்.

'பெலீகர்' டச்சிலிருந்து வந்தது. 'லேகர்' என்றால் படைமுகாம். கோட்டையைச் சுற்றி முகாம் அடிப்பது. இப்போது உண்மையான கோட்டைக்கு இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. நாலாபக்கமும் விமர்சனத்தில் சிக்கிய மந்திரி, கடன்காரர் நெருக்கும் கம்பெனி, தொடர்ந்து தோற்கும் அணியின் கேப்டன் ஆகியோருக்கு 'பெலீகர்ட்' என்ற அடைமொழி. 'பிளாக்கேட்' வேறு. அதில் வட்டம் தேவையில்லை, வழி அடைபட்டால் போதும். துறைமுகத்தின் வாயில் நாலு கப்பல் நின்றாலே பிளாக்கேட். 'கார்டன் ஆஃப்' என்பது போலீஸ் கயிறு கட்டி ஜனங்களை வெளியே நிறுத்துவது. பிரெஞ்சில் 'கொர்தோன்' என்றால் நாடா, கயிறு. தோட்டத்தைச் சொல்லும் சொல்லோடு தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும், ஆனால் உறவில்லை. சுற்றிவளைத்தல் என்ற தமிழில் உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்கிறார். இதில் வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. குண்டு கிடந்த இடத்தைப் போலீஸ் 'சரவுண்ட்' செய்ததாக எழுதினால் குண்டு தப்பி ஓடப் பார்த்தது போலிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் நம் நாட்டுச் சரக்கு 'கெராவ்'. இந்தியில் சூழ்ந்துகொள்ளுதல். 1967-இல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது ஆலைத் தொழிலாளர்கள் மேலாளர்களை அறையிலேயே மணிக்கணக்கில் வளைத்து வைக்கும் போராட்டம் பரவியது. போலீஸ் உடனே தலையிட வேண்டாம் என்று நின்ற தொழிலாளர் துறை அமைச்சர் சுபோத் பானர்ஜிக்குக் 'கெராவ் மந்திரி' என்றே பெயர் விழுந்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆளை வெளியே விடாமல் அடைப்பது குற்றம், அது தொழிற்சங்க நடவடிக்கை ஆனாலும் சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரை ஏறியது. இந்திய வாசகருக்கு எழுதும்போது விளக்கமே இல்லாமல் போடலாம். ஒரு நிபந்தனை: வளைக்கப்படுவது ஆளாக இருக்க வேண்டும். கட்டடத்தைக் கெராவ் செய்ய முடியாது.

கச்சையும் வேலியும்

இடுப்பில் கட்டுவதிலிருந்து பிறந்த சொற்கள் ஒரு தனிக் கூட்டம். கிரேக்கத்தில் 'ஜோனே' என்றால் இடுப்புக் கச்சை. பழைய புவியியலாளர்கள் பூமிக்கு ஐந்து கச்சை கட்டிவிட்டார்கள். அதிலிருந்து வெப்ப மண்டலம், மித மண்டலம், பிறகு ரயில்வே மண்டலம், பார்க்கிங் ஜோன் வரை. லத்தீனில் கச்சை கட்டுவது 'சிங்கெரே'. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கியவன் போல, தொங்கல் இல்லாத பேச்சு 'சக்சிங்ட்'. அக்கி நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஷிங்கிள்ஸ்' என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். மருத்துவப் பெயரில் வரும் 'ஜோஸ்டர்' அதன் கிரேக்க இணை. மார்பிலோ இடுப்பிலோ பட்டை போலக் கொப்புளம் கிளம்புவதால் கச்சை என்றார்கள். பெயரில் கச்சை இருந்தாலும் வழக்கமாக உடம்பின் ஒரு பக்கத்தில்தான் வரும். நம் ஊரில் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன் என்பதால், எழுதிக்கொள்பவர்களும் டாக்டரை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கோயில் பற்றி எழுதுபவர்களுக்கு வேண்டியது 'பிரீசிங்ட்'. சுற்றிக் கச்சை கட்டிய இடம், அதாவது வளாகம். பன்மையில் எழுதுவதே வழக்கம். பிராகாரத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட முடியாது. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களுக்கு 'என்குளோஷர்' வேண்டும். வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் தெருவும் இருக்கின்றன, மதில்தான் அங்கே கணக்கு. ராமேஸ்வரத்தின் மூன்றாம் பிராகாரத்துக்கோ 'காரிடார்' வேண்டும். அங்கே பார்ப்பவர் கண்ணில் படுவது தூண் வரிசை. ஸ்ரீரங்கத்துக்கு ஏழு காரிடார் என்று எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு வருகிற வெளிநாட்டுக்காரர் சித்திரை வீதியில் நின்றுகொண்டு கூரையைத் தேடுவார்.

வேலிச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த இடம். ஜெர்மன் மொழியில் அதன் உறவான சொல்லுக்கு இன்றும் வேலி என்றே பொருள், டச்சில் தோட்டம். குன்னூரை அடுத்த வெலிங்டனின் வாலில் உள்ள 'டன்' அந்த வேலிதான். 'கார்டன்', 'யார்ட்' இரண்டும் ஒரே அடைப்பிலிருந்து வந்தவை. நீதிமன்றமான 'கோர்ட்', சுற்றடைத்த முற்றம். நம் மன்றமும் ஊர்ப் பொதுவெளியாக இருந்ததுதான், மரத்தடியில், மதில் இல்லாமல். 'பாரடைஸ்' பழைய ஈரானிய மொழியில் 'பைரிதேஸ': 'பைரி' நம் 'பரி', 'தேஸ' சுவர். பாரசீக மன்னர்களின் மதில் சூழ்ந்த பூங்காக்களைக் கிரேக்கர் செனபோன் எழுதிவைத்தார். பைபிள் மொழிபெயர்ப்பில் அது ஏதேன் தோட்டமாகி, சொர்க்கமும் ஆயிற்று.

வலம் வருதல்

கிரிவலத்துக்கு ஆங்கிலம் என்ன என்ற கேள்வி சுற்றுலாக் கையேடு எழுதுபவர் எல்லோருக்கும் வரும். அகராதி 'சர்க்கமாம்புலேட்' என்று எடுத்துக் கொடுக்கும். சரியான சொல்தான். ஆனால் வாயில் நுழையாது, திசையும் சொல்லாது. வலம் என்பதன் உயிரே திசையில் இருக்கிறது. மலை நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரதட்சிணம் என்பதிலும் உள்ள 'தட்சிண' வலப்பக்கம், தெற்கு இரண்டையும் குறிக்கும். கிழக்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்குதானே. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'தெஸ்' என்ற சொல்லுக்கும் வலம், தெற்கு என்ற இரண்டு பொருளும் உண்டு. 'தட்சிண'வுக்கு அது தூரத்து உறவு. அதிலிருந்து வந்த 'டீசில்' சூரியன் போகும் போக்கில் வலமாகச் சுற்றுவது. மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-இல் நூல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், வீட்டையும் வயலையும் நெருப்பு ஏந்தி அப்படி வலம் வந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். இடமாகச் சுற்றினால் 'விடர்ஷின்ஸ்', அபசகுனம். இவை நாவலுக்கு நல்ல சொற்கள், கையேட்டுக்கு உதவாது. 'பக்தர்கள் சுமார் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள்' என்பதை 'வாக் ரவுண்ட் த ஹில்' என்று எளிமையாக எழுதி, ஒருமுறை 'கிளாக்வைஸ்' சேர்த்துவிடுங்கள்.

பொதுச் சொற்கள் சில

'என்விரான்மென்ட்' பிரெஞ்சில் சுற்றி என்று பொருள்படும் 'என்விரோன்' வழியாக வந்தது. ஒருவர் வாழும் சூழல் என்ற பொருளில் அதை 1820-களின் இறுதியில் நிலைநிறுத்தியவர் தாமஸ் கார்லைல். கதேயின் ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடு தேடியபோது. காடு, காற்று, மாசு என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. 'என்விரான்ஸ்' என்று பன்மையில் எழுதினால் ஊரின் சுற்றுப்பகுதி மட்டுமே; பசுமையோடு சம்பந்தமில்லை. 'ஆம்பியன்ஸ்' ஹோட்டலுக்கு, 'ஆம்பியன்ட்' வெப்பநிலைக்கு.

பூமி சூரியனைச் சுற்றினால் 'ரிவால்வ்', தன்னைத்தானே சுற்றினால் 'ரொட்டேட்'. தேர்வுத் தாளில் இதற்கு மதிப்பெண் போகும். பேச்சு ஒன்றை மையமாகக் கொண்டால் 'சென்டர் ஆன்' என்று எழுதுவது பாதுகாப்பு. மையம் எப்படிச் சுற்றும் என்று 'சென்டர் அரவுண்ட்' மேல் குறை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டிஷார் 'ரவுண்ட்' என்னும் இடத்தில் அமெரிக்கர் 'அரவுண்ட்' என்பார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கடைசியாக, 'அபௌட்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வெளிப்புறத்தைச் சுற்றி என்று பொருள். அதிலிருந்து ஏறக்குறைய, பிறகு ஒன்றைப் பற்றி. தமிழில் 'பற்றி விவாதித்தார்கள்' என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதிவிடுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினை பொருளை நேரே எடுத்துக்கொள்ளும். இடையில் எதுவும் வேண்டாம். 'டிஸ்கஷன் அபௌட்' என்று பெயர்ச்சொல்லோடு வந்தால் மட்டும் விடுங்கள். உங்கள் அடுத்த கடிதத்தை அனுப்புவதற்கு முன் இந்த ஒன்றையாவது தேடிப் பார்த்து அடித்துவிடுங்கள்.